புஷ்பக் (விண்கலம்)

புஷ்பக் என்பது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ உருவாக்கிய, சிறகுள்ள சோதனை விண்கலம். இனிமேல்தான் கட்டப்பட வேண்டிய, மீண்டும் பயன்படுத்தத்தக்க பெரிய ஏவுகலம் ஒன்றின் சிற்றுருவம் இது. நீளம் 6.5 மீட்டர். பெயரைத் தந்த புராணப் புட்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கும் என்பது மரபு. கதையில் கலம் விரிவதற்கும் சுருங்குவதற்கும் செலவில்லை, பட்டறையில் உண்டு.

நீளத்தைப் பாதியாக்கினால் பரப்பு நான்கில் ஒன்றாகவும் எடை எட்டில் ஒன்றாகவும் குறையும். எல்லா உறுப்புகளும் இந்தக் கணக்குக்கு இணங்குவதில்லை என்பதுதான் சிக்கல். அமெரிக்க ஷட்டில் விண்ணோடம் ஏறத்தாழ 37 மீட்டர் நீளம்; தரையிறங்கும்போது சுமார் 100 டன். அதை அப்படியே 6.5 மீட்டராகச் சுருக்கினால் அரை டன்னுக்குச் சற்றுக் கூடுதலாகவே வர வேண்டும். 2016இல் பறந்த இந்தியக் கலத்தின் எடையோ 1.75 டன். இரண்டும் வெவ்வேறு வடிவங்கள், எனவே இது தோராய ஒப்பீடுதான். ஆயினும் காரணம் தெளிவு: கணினி, மின்கலம், சிறகசைக்கும் பொறி ஆகியவற்றை ஓரளவுக்குக் கீழே சிறிதாக்க முடியாது.

விளைவு வேகத்தில் தெரிகிறது. சரியாகச் சுருங்கிய ஷட்டில் மணிக்கு 150 கிலோமீட்டருக்குள் தரையைத் தொட்டிருக்கும். புஷ்பக் இறங்கியது 320 கிலோமீட்டருக்கு மேல். கூடுதல் எடையோடு, ஏற்றவிசை குறைந்த உடலமைப்பும் இதற்குக் காரணம். பயணிகள் விமானங்கள் வழக்கமாக 260 அளவில் இறங்குகின்றன.

வெப்பம் இன்னொரு தொல்லை. சிரம்பான் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் அன்னதானத்துக்கு வடித்த அண்டாச் சோறு நெடுநேரம் சூடு தாங்கும். கிண்ணத்துச் சோறு சட்டென்று ஆறிவிடும். சிறிய கலமும் அப்படித்தான், ஆனால் தலைகீழாக: சூட்டை உள்வாங்க உடம்பில் பொருள் போதாததால் விரைவில் சூடேறிவிடும். போதாக்குறைக்கு, மூக்கின் வளைவு ஆரம் நான்கில் ஒன்றானால் அங்கே தாக்கும் வெப்பம் இரு மடங்காகும். அதனால்தான் மூக்குக்குக் கார்பன்-கார்பன் கலவையும் அடிப்பகுதிக்குச் சிலிக்கா ஓடுகளும் தேவைப்பட்டன.

காலமும் சுருங்கும். ஆறில் ஒரு பங்கு நீளமுள்ள கலம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விரைவாக ஆடும்; தானியங்கிக் கட்டுப்பாடு அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். திரைப்படங்களில் சிற்றுருவக் கப்பல் வெடிப்பதைக் கேமராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்து மெதுவாகக் காட்டுவதும் இதே விதியால்தான். படக்காரர்களுக்குத் தோற்றம் சரியாக இருந்தால் போதும் என்பது அவர்கள் அதிர்ஷ்டம்.

முதல் சோதனை 2016 மே 23 அன்று ஶ்ரீஹரிகோட்டாவில் நடந்தது. கலம் சுமார் 65 கிலோமீட்டர் உயரம் சென்று, ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் திரும்பி, வங்கக் கடலில் இறங்கியது. பிறகு இதே வகையில் இன்னொரு கலம், கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 ஆகிய நாள்களில் சினூக் ஹெலிகாப்டரிலிருந்து சுமார் 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடுவிக்கப்பட்டு, ஓடுபாதையில் தானே இறங்கியது. கடைசி இரு முறையும் பாதைக்கு நேராக விடாமல் பக்கவாட்டில் தள்ளியே விட்டார்கள்.

அடுத்துத் திட்டமிடப்பட்டிருப்பது, சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கலம். அது புஷ்பக்கைப் போல் சுமார் 1.6 மடங்கு பெரியது. அப்படியென்றால் கனஅளவு நான்கு மடங்கு.