கூச்சத்தை விட்ட பெண்மணி

காலைக் காபியோடு டி.வி. முன்னால் உட்கார்கிறீர்கள். தினமும் சிரித்துப் பேசி நிகழ்ச்சி நடத்தும் பெண்மணி, இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறார். திரையில் இளஞ்சிவப்பாக, ஈரமாக ஒரு குகை. 'என்ன சார் இது?' என்கிறீர்களா? அவருடைய பெருங்குடல்!

2000-ம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்கர்கள் நிஜமாகவே இதைப் பார்த்தார்கள். பெண்மணியின் பெயர் கேட்டி கூரிக். என்.பி.சி. சேனலின் 'டுடே' நிகழ்ச்சியை நடத்தியவர். அங்கே அவ்வளவு பிரபலம்!

ஏன் இப்படியொரு காரியம்? பின்னால் ஒரு துக்கம் இருந்தது. 1998 ஜனவரியில் அவருடைய கணவர் ஜே மோனஹன் பெருங்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். வயது 42தான். வீட்டில் இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். கண்டுபிடித்தபோதே நோய் பரவிவிட்டிருந்தது. ஒன்பதே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? இந்தப் புற்றுநோய் திடீரென்று வந்து குதிப்பதில்லை. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் மரு மாதிரி 'பாலிப்' ஒன்று முளைத்து, சாவகாசமாக வளர்ந்து, புற்றாக மாறப் பத்து வருஷம்கூட எடுத்துக்கொள்கிறது. வலிக்காது. அதற்குள் பார்த்துவிட்டால், குழாய் வழியாகவே சுருக்குக் கம்பி போட்டு எடுத்துவிடலாம். 1969-லேயே நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா என்ற டாக்டர், வயிற்றைக் கிழிக்காமல் இதைச் செய்து காட்டிவிட்டார். ஆக, வழி இருந்தது. பலர் போகத்தான் இல்லை. முக்கியமான ஒரு காரணம், கூச்சம்! பின்பக்கமாகக் குழாய் விடுகிற சமாசாரத்தை யார் வாய்திறந்து பேசுவார்கள்?

கூரிக் பேசினார். பேசியதோடு நிற்காமல் தானே படுத்துக் காட்டினார். விளைவு? மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து 2003-ல் வெளியிட்டார்கள். ஒளிபரப்புக்குப் பிறகு கொலோனாஸ்கோபி செய்துகொண்டவர்கள் எண்ணிக்கை சுமார் 20 சதவிகிதம் கூடியிருந்தது. பல மாதங்களுக்குக் குறையவும் இல்லை! 'கூரிக் எஃபெக்ட்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

2021 முதல் அமெரிக்காவில், உடம்பு நன்றாக இருந்தாலும் 45 வயதில் பரிசோதனையை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். குழாய் என்றால் பயமா? மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று வருஷத்துக்கொரு முறை பார்க்கிற எளிய டெஸ்ட்டும் இருக்கிறது. அதில் ஏதாவது தெரிந்தால் கொலோனாஸ்கோபி.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், எந்த வயதில் ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் போனால், 'மூலமாத்தான் இருக்கும்' என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டாம். கூரிக் லட்சக்கணக்கான பேர் முன்னால் கூச்சத்தை விட்டார். உங்கள் எதிரே உட்காரப்போவது ஒரே ஒரு டாக்டர்தானே!