தேய்த்ததால் வந்த பெயர்



எழுத்துப் பிழையாகிவிட்டால், "டேய், ரப்பர் குடுடா!" என்று பக்கத்துப் பையனைக் கேட்கிறோம். நம் பாட்டிமார் விடியுமுன்னே வெட்டப் போனதும் ரப்பர் மரந்தான். இந்த இரண்டில் எதிலிருந்து எதற்குப் பெயர் வந்தது? மரத்திலிருந்துதான் அழிப்பானுக்கு வந்தது என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை!

ஆங்கிலத்தில் 'ரப்' என்றொரு வினைச்சொல் உண்டு. தேய் என்பது அதன் பொருள். 14ஆம் நூற்றாண்டு முதலே அது வழக்கில் உள்ளது. கண்ணைத் தேய்ப்பதும் 'ரப்', முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதும் 'ரப்'. அதோடு 'அவுட்' சேர்ந்தால் தேய்த்து அழி என்று பொருள். நம் மொழியில் வெட்டு என்பதிலிருந்து வெட்டுபவர் வருவதுபோல, 'ரப்' என்பதிலிருந்து 'ரப்பர்' வந்தது. தேய்ப்பவர் அல்லது தேய்க்கும் பொருள் என்று அர்த்தம்.

முன்பு அங்கே பென்சில் கோட்டை ரொட்டித் துணுக்கால் தேய்த்து அழித்தார்கள். 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர், கோட்டை அருமையாக அழிக்கும் புதுப்பொருள் ஒன்றைத் தம் நூலில் குறிப்பிட்டார். லண்டனில் நெய்ர்ன் என்பவர் அரை அங்குலக் கட்டியை 3 ஷில்லிங்குக்கு விற்றார். தென்னமெரிக்க மரப்பால் உறைந்த கட்டி அது! தேய்க்க உதவியதால் 'ரப்பர்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

1876இல் ஹென்றி விக்காம் ஏறக்குறைய 70,000 விதைகளைப் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதற்கு முன்பே அந்தப் பெயர் வழக்கில் இருந்தது. 1909இல் கெடா, சயாமின் பிடியிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கூலிம், சுங்கை பட்டாணி, பாலிங் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் அங்கே உழைத்தார்கள்.

அவர்கள் அந்த மரத்தை எப்படி அழைத்தார்கள்? மலாய்க்காரரின் 'கெத்தா'வைக் 'கித்தா' ஆக்கிக்கொண்டார்கள். பால் மரம் என்றும் சொன்னார்கள். "பால் வெட்டப் போறேன்" என்றார்கள். வெட்டு என்று சொன்னாலும் அது வெறும் வெட்டு அன்று. உளி கட்டையில் படாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவவேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் பால் குறையும். தோட்ட மக்கள் கைப்பழக்கத்திலே கற்ற கலை அது.

பாருங்கள், மேசையில் அமர்ந்து தேய்த்தவரின் வேலை உலகப் பெயராகிவிட்டது. இருட்டிலே எழுந்து வெட்டியவரின் வேலை அந்தப் பெயரில் இல்லை. அது நம் தமிழில் இருக்கிறது.

இன்று பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. சீவு, வெட்டு, பால் எடு என்ற சொற்களும் நம் வீடுகளில் குறைந்து வருகின்றன. மாணவர்களே, இந்த விடுமுறையில் தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் செய்த வேலைகளின் பெயர்களைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பேனாவால் எழுதுங்கள், ரப்பரால் அழிக்க முடியாதபடி!