தாம்பரம் சானடோரியமும் தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகளும்

1/
தாம்பரத்துல பீச் ரயில் ஏறினா, அடுத்த ஸ்டேஷன் 'தாம்பரம் சானடோரியம்'. தினமும் பார்க்கிற பெயர்ப்பலகைதான். ஆனா 2020 மார்கழியில் சென்னை ரசிகர்கள் எல்லாரும் கேட்ட ஒரு கேள்விக்கு அந்தப் பெயரிலேயே பாதி பதில் இருக்கு. கேள்வி இதுதான்: "கொள்ளைநோய்க் காலத்துல கச்சேரிக்குப் போகலாமா? போனா எப்படி உட்காரணும்?"

2/
முதல்ல அந்தப் பெயர் வந்த கதை. டாக்டர் சௌரி முத்து என்ற காசநோய் மருத்துவர், இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர். நம்ம கணித மேதை ராமானுஜன் அங்கே உடம்பு சரியில்லாமல் போனபோது அவரிடமும் சிகிச்சை பெற்றார். சௌரி முத்து ஊர் திரும்பி, 1928ல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான்.

3/
அன்றைக்குக் காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல சாப்பாடு, ஓய்வு, திறந்தவெளிக் காற்று. அவ்வளவுதான் வைத்தியம். காற்று மட்டும் காசநோயைக் குணப்படுத்தாது. அதைச் செய்தவை 1940களிலும் அதற்குப் பிறகும் வந்த மருந்துகள். ஆனா காற்றோட்டம் இன்னொரு வேலை செய்யும். நோயாளி வெளிவிடும் கிருமியை அறைக்குள் தேங்கவிடாது. இதை நிரூபிக்கத்தான் பல காலம் ஆச்சு.

4/
1934ல் வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒன்று சொன்னார். இருமும்போது பெரிய துளிகள் சட்டுனு தரையில் விழும். சின்னத் துளிகள் விழுவதற்குள் காய்ந்து, காற்றிலேயே மிதக்கும். 1950களின் கடைசியில் பால்டிமோர் நகரில் அவரும் ரிச்சர்ட் ரைலியும் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேல்தளத்துக்கு அனுப்பி, அங்கிருந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்கவிட்டார்கள். பல பன்றிகளுக்குத் தொற்றியது. அதே காற்றைப் புறஊதாக் கதிர் வழியாகச் செலுத்தியபோது ஒன்றுக்குக்கூடத் தொற்றவில்லை. நோயாளியின் பக்கத்தில் போகாமலேயே தொற்ற முடியும்னு அப்போதே தெரிஞ்சது.

5/
இப்போ 2020க்கு வருவோம். மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், "கோவிட் காற்றில் பரவாது" என்றே பதிவு போட்டது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் மறுத்து எழுதினார்கள். சிறு தூரத்துக்கு அப்பாலும் காற்று வழியே பரவலாம்னு அந்த நிறுவனம் தெளிவாக எழுத 2021 ஏப்ரல் இறுதி ஆயிடுச்சு. அதற்குள் உலகம் முழுக்க இடைவெளிதான் வேதமாகிவிட்டது.

6/
பாட்டுக்காரர்களுக்கு எச்சரிக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது. 2020 மார்ச் 10, அமெரிக்காவின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு சேர்ந்திசைக் குழுவின் ஒத்திகை. இரண்டரை மணி நேரம், 61 பேர். அதில் ஒருவருக்கு முன்பே அறிகுறி இருந்தது. முடிவில் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். மூடிய அறையும் நீண்ட நேரமும் உரத்த குரலும் ஒன்றுசேர்ந்த இடம் அது.

7/
சென்னையில் அந்த டிசம்பர் எப்படி இருந்தது? மியூசிக் அகாடமி இணையத்துக்குப் போனது. சபாக்களின் கூட்டமைப்பு 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்று திரையிலேயே சீசன் நடத்தியது. தமிழக அரசு உள்ளரங்க நிகழ்ச்சிகளுக்குப் பாதி இருக்கைகள், அதிகபட்சம் 200 பேர் என்று அனுமதித்தது. புறநகர் ரயிலில் பொதுமக்களை ஏற்றியதே டிசம்பர் பிற்பகுதியில்தான், அதுவும் கூட்டமில்லாத நேரத்தில் மட்டும். குரோம்பேட்டை, நங்கநல்லூர், சேலையூர் ரசிகருக்கு மயிலாப்பூர் எட்டாத ஊராச்சு.

8/
சரி, ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி உட்கார்ந்தால் போதுமா? பூஜை அறையில் ஊதுபத்தி ஏத்துங்க. முதலில் பக்கத்தில் நிற்பவருக்கு வாசனை பலமா வரும். அரை மணி நேரம் கதவைச் சாத்தி வெச்சா, மூலையில் நிற்பவருக்கும் வரும். இடைவெளி உதவுவது அந்த முதல் கட்டத்துக்கு. இரண்டாவது கட்டத்துக்கு ஜன்னல்தான் உதவும். மூன்று மணி நேரக் கச்சேரி என்பது இரண்டாவது கட்டம்.

9/
இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2020 ஆகஸ்ட் 22, ஜெர்மனியின் லைப்சிக் நகரம். சுமார் 1,400 தன்னார்வலர்களை அரங்கில் உட்காரவைத்து ஒரு பாடகரின் கச்சேரி. ஒரே நாளில் மூன்று விதமாக நடத்தினார்கள்: நெருக்கமாக, சதுரங்கக் கட்டம் போல விட்டு விட்டு, ஒன்றரை மீட்டர் இடைவெளியில். இடைவெளி உதவியது உண்மை. ஆனா காற்றோட்டம் மோசமானால் ஆபத்து பல மடங்கு ஏறும்னு கணக்கில் வந்தது.

10/
அதே ஆண்டு டிசம்பர் 12, பார்சிலோனா. ஒரு மூடிய அரங்கில் 460 பேருக்கு மேல். இடைவெளியே கிடையாது, பாடலாம், ஆடலாம். ஆனால் நுழையும் முன் பரிசோதனை, எல்லாருக்கும் என்95 முகக்கவசம், மேம்படுத்திய காற்றோட்டம். பின்னர் சோதித்ததில், உள்ளே போனவர்களில் ஒருவருக்கும் தொற்றில்லை. ஒரே ஒரு சிறிய ஆய்வுதான், அதற்கு மேல் பெரிதுபடுத்தக் கூடாது. ஆனா திசை காட்டியது.

11/
பிரிஸ்டல் பல்கலைக்கழகம் பாடகர்களையே அளந்தது. ஒரே அளவு சத்தத்தில் பாடுவதற்கும் பேசுவதற்கும் பெரிய வித்தியாசமில்லை. சத்தம் கூடக் கூட, வெளிவரும் நுண்துளிகள் 20 முதல் 30 மடங்கு வரை ஏறின. அதாவது, வாய் திறக்காமல் தொடையில் தாளம் போடும் நம்ம ரசிகர், கத்திப் பேசும் கல்யாண வீட்டு விருந்தாளியை விட எவ்வளவோ மேல்! இடைவேளையில் கேன்டீன் வரிசைதான் கவலை :)

12/
நம்ம ஊர்க் கச்சேரி எப்போதும் மூடிய பெட்டிக்குள் நடந்ததல்ல. மியூசிக் அகாடமிக்கே சொந்த அரங்கம் வந்தது 1962ல். அதற்கு முன் பந்தல்களில் நடந்த சீசன்கள் உண்டு. ராமநவமிப் பந்தல், கோயில் பிரகாரம், மார்கழி விடியலில் தெருவில் போகும் பஜனை, எல்லாமே காற்று ஓடும் இடங்கள். இன்றைக்குப் புறநகரில் கச்சேரி பெரும்பாலும் ஏசி மண்டபத்தில். ஒன்று கவனிங்க: ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும்.

13/
இதெல்லாம் இப்போ எதுக்கு டாக்டர்னு கேட்கலாம். 2020லும் 2021லும் கோடைத் திருவிழாக்களும் கல்யாண சீசனும் சேர்ந்து போயின. நாகஸ்வரம், தவில், பக்கவாத்தியம் வாசிப்பவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கச்சேரி இல்லைன்னா அடுப்பு எரியாது. உச்ச அலையில் மூடியது சரியே, உயிர்கள் பிழைத்தன. ஆனா அலை இறங்கிய பின்பும் நமக்குத் தெரிந்தது 'மூடு' அல்லது 'நாற்காலியைத் தள்ளிப் போடு', இந்த இரண்டுதான். திறந்தவெளியில் நடத்தலாம், காற்றை அளக்கலாம் என்பது பின்வரிசையிலேயே இருந்துவிட்டது.

14/
அடுத்த கொள்ளைநோய் வரும். எப்போன்னு சொல்ல முடியாது. அதற்கு முன் செய்யக்கூடியவை:
▪️ மண்டபத்தில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மானி. வெளிக்காற்றில் சுமார் 420 காட்டும். உள்ளே 1,000 தாண்டினால், அடுத்தவர் விட்ட மூச்சை நாம் அதிகம் இழுக்கிறோம்னு அர்த்தம்.
▪️ எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடணும். எதிர்ப்பக்கம் ஜன்னல் திறந்திருக்கணும்.
▪️ இருமல், காய்ச்சல் இருந்தால் வீட்டிலேயே ஒலிப்பதிவு கேளுங்க. போயே ஆகணும்னா முகக்கவசம்.

இன்ஃப்ளூயன்சாவுக்கும் காசநோய்க்கும் இது இன்றைக்கே பயன்படும். அடுத்த முறை உங்க ஏரியா சபா செயலாளரைப் பார்த்தால், டிக்கெட் கேட்பதோடு "சார், ஜன்னல் திறக்குமா?"ன்னும் ஒரு வார்த்தை கேட்டு வைங்க.