கடல் தாண்டி வந்தது, மாடிப்படியில் நின்றது

பி.காம் படிக்கிறவனுக்குக் கேபிளைப் பத்தி என்ன தெரியும்னு கேட்காதீங்க. போன மாசம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன் :-)

உளுந்தூர்பேட்டையில் எங்க வீட்டுக்கு 200 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்கினோம். பணம் கட்டுறது அப்பா. கீழே ரவுட்டர் பக்கத்தில் முழு வேகம் வந்தது. மாடியில் என் அறைக்கு இழுத்த கேபிளில் மட்டும் 94ஐத் தாண்டவே இல்லை. கம்பெனிக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் குற்றவாளி, நானே பேரம் பேசி வாங்கிய மலிவு விலைக் கேபிள்!

இந்தத் தப்பைச் செய்த முதல் ஆள் நான் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். 1858ல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தந்திக் கேபிள் போட்டார்கள். சில வாரங்களிலேயே செத்துப் போனது. அளவுக்கு மீறி மின்னழுத்தம் கொடுத்தது ஒரு காரணம், கேபிளே மட்டமாக இருந்தது இன்னொரு காரணம். செம்பு எல்லாம் ஒரே செம்பு இல்லை, சுத்தம் குறைந்தால் மின்சாரம் கடத்தும் திறனும் குறையும் என்று வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) அதற்கு முன்பே சோதித்துச் சொல்லியிருந்தார். 1866ல் நல்ல செம்பில், கனமாகச் செய்து போட்ட கேபிள் நிலைத்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1870-71ல் நம்ம மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி போனது.

அதே சென்னை–சிங்கப்பூர் வழியில் 2002ல் ஐ2ஐ என்ற கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். இப்படிக் கடல் தாண்டி வருகிற வேகம், வீட்டுக்குள் கடைசி 20 மீட்டரில் திரும்பவும் செம்பை நம்பித்தான் நிற்கிறது.

அந்தச் செம்புக்கும் ஒரு கதை உண்டு. ஈதர்நெட்டை 1973ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பாப் மெட்காஃப் யோசித்தபோது, அது தடிமனான கோஆக்சியல் கேபிளில் ஓடியது. 1990ல்தான் டெலிபோன் ஒயர் மாதிரி முறுக்கிய ஜோடிக் கம்பிக்குத் தரம் வகுத்தார்கள். ஜோடியை முறுக்கினால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி விழுந்து ரத்தாகிவிடும். அதற்குக் கிரஹாம் பெல் 1881லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்!

1995ல் வந்த 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும். 1999ல் வந்த ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் பெரும்பாலும் 100க்கு இறங்கிவிடும். என் கேபிளில் நடந்தது இதுதான். வெளியே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். மாடிப்படி வளைவில் ஒரு கம்பி முறிந்திருந்தது. 1858 பாடத்தை நான் அப்பா காசில் படித்தேன்.

நீங்க வாங்கும்போது பார்க்க வேண்டியது:

1. உறையில் 'சிசிஏ' என்று இருந்தால் அது செம்புப் பூச்சு அலுமினியம். வேண்டாம். முழுச் செம்பா என்று கேளுங்கள்.

2. கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கையில் தூக்கினாலும் லேசாக இருக்கும்.

3. ஜிகாபிட் வரை கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை தாங்கும். கேட் 6 வாங்கினால் ஏறத்தாழ 55 மீட்டருக்குள் 10 ஜிகாபிட் வரை போகலாம். அதற்கு மேலான நம்பரைக் காட்டி விலை சொன்னால், வீட்டுக்குத் தேவையில்லை.

காமர்ஸ்காரனாக ஒரு கணக்கு: கேபிள் ஒருமுறைச் செலவு, இணைய பில் மாதாமாதம். ஒருமுறைச் செலவில் மிச்சம் பிடித்து, மாதா மாதம் பாதி வேகத்தை இழந்தேன். யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை!

புதுக் கேபிள் போட்டாச்சு. இப்போ மாடியிலும் முழு வேகம். அப்பாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிடாதீங்க.