மூச்சளவும் நோய்நீக்கமும்

2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவிய காலத்தே, நோயினின்று மீண்டோர் பலர் மூச்சுப் பயிற்சியை நாடினர். திருமூலர் கூறிய முறையே அவர்க்கு ஏற்ற மருந்து எனச் சிலர் உரைக்க யாம் கேட்டதுண்டு. இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்தின் எட்டு உறுப்புக்களை விரித்துரைக்கின்றது. இயமம், நியமம், ஆதனம் என்பனவற்றின் பின்னரே நான்காவதாகப் பிராணாயாமம் வைக்கப்பெற்றுள்ளது. மூச்சை உள்ளிழுக்கும் பூரகத்திற்கு 16, உள்ளே நிறுத்தும் கும்பகத்திற்கு 64, வெளிவிடும் இரேசகத்திற்கு 32 என ஆசிரியர் அளவு வகுக்கின்றார். இவ்வெண்களை மாத்திரை எனக் கொள்வர் உரைகாரர். எழுத்தொலியை அளக்கத் தொல்காப்பியம் வழங்கும் சொல்லே ஈண்டு மூச்சளவைக்கும் பெயராயிற்று.

அங்ஙனமாயின், நோய்பற்றிய குறிப்பு அந்நூலில் இல்லையோ எனின், உண்டு. அத்தந்திரத்திலேயே, அந்தியிற் பயிலின் ஐயும், நண்பகலிற் பயிலின் வாதமும், காலையிற் பயிலின் பித்தமும் நீங்கும் என்கின்றார். ஆயினும் இவ்வுரை ஒழுக்கத்தாலும் இருக்கையாலும் முன்னரே பக்குவமுற்ற பயிற்சியாளனை நோக்கியதேயன்றி, நோய்ப்படுக்கையினின்று எழுவானை நோக்கியதன்று. வடமொழியிற் சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகையும், முறையான பயிற்சி நோய் போக்கும் என்று கூறிய இடத்திலேயே, முறை தவறின் விக்கல், இரைப்பு, இருமல், தலைநோவு முதலியன தோன்றும் என எச்சரிக்கின்றது.

நோயாளனை முன்னிறுத்திய ஆராய்ச்சி 20-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1924-இல் சுவாமி குவலயானந்தர் உலோனாவளாவிற் கைவல்யதாமத்தை நிறுவி, யோக மீமாம்சை என்னும் இதழையும் தொடங்கினார். எக்ஸ் கதிர் முதலிய கருவிகளால் யோகச் செயல்களை ஆராய்ந்தார். விநேகர் என்பாருடன் அவர் எழுதிய யோக மருத்துவ நூல் 1963-இல் வெளிவந்தது.

2020-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு கொரோனா நோயினின்று மீள்வார்க்கு வெளியிட்ட கையேட்டை நோக்குவோம். அமர்ந்து, மார்பிலும் வயிற்றிலும் கைவைத்து மெல்ல மூச்சுவிடுதலும், படியேறுங்கால் முயற்சியின்போது மூச்சை வெளிவிடுதலும் அதிற் கூறப்பெற்றுள்ளன. உள்ளிழுத்தலின் நான்மடங்கு மூச்சை நிறுத்தும் கும்பகம் ஆண்டு இல்லை. இங்கிலாந்தில் 150 பேரைக்கொண்டு நிகழ்ந்து 2022-இல் வெளிவந்த ஆய்வொன்று, தாலாட்டுப் பாடல்களோடு இயைந்த ஆறுவார மூச்சுப் பயிற்சி மனநலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்தை உயர்த்தியதோடு, மூச்சிரைப்பையும் ஒருவாறு தணித்தது எனக் காட்டியது.

இவற்றான் யாம் துணிவது இது: மூச்சுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் திருமூலர் உணர்ந்திருந்தார் என்பது உண்மை. அவர்தம் 64 மாத்திரையை மெலிந்த நுரையீரலார்மேற் சுமத்துதல் நூற்கருத்துக்கும் மாறு, நோயாளர்க்கும் தீங்கு. முன்னைய படிகளைக் கடந்தார்க்கே அவ்வளவு உரியது. நோயினின்று மீள்வார்க்கு மருத்துவர் மேற்பார்வையில் அமையும் மெல்லிய மூச்சே துணை; அதுவும் துணையேயன்றி மருந்தாகாது.