பாழடைந்த தேவாலயத்தில் ஓர் இல்லறம்: ஆனந்த குமாரசுவாமியும் எதெலும் வாழ்ந்த வீடு

கொழும்பில் ஒருகாலத்தில் 'கிறீன் பாத்' என அழைக்கப்பட்ட வீதி பின்னர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்ற பெயரைப் பெற்றது. அவ்வீதியால் நாள்தோறும் செல்வோருள் பலருக்கு அவர் சிவ நடனத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கியவர், பொஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தில் பணியாற்றிய அறிஞர் என்ற அளவில் தெரிந்திருக்கலாம். தமிழர் அவரைக் கலாயோகி எனப் போற்றுவர். ஆயினும் அந்த அறிஞரும் அவரது முதல் மனைவியும் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில், கைவிடப்பட்டுச் சிதைந்து கிடந்த ஒரு பழங்கட்டடத்தைச் செப்பனிடுவித்து இல்லமாக்கிய வரலாறு நம்மவரிடையே அதிகம் பேசப்பட்டதில்லை. நமது நாட்டின் கைவினைகளைப் பற்றிய முதற்பெரும் நூல் அந்த வீட்டிலேயே அச்சாயிற்று. அதனால் அது நமக்கும் உரிய வரலாறாகும்.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி சட்டநிரூபண சபையில் வீற்றிருந்தவர். அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். தாயார் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். குழந்தைக்கு இரண்டு வயதாகுமுன்னரே தாயார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்தொடர்ந்து செல்லவிருந்த தந்தையார் 1879இல் கொழும்பிலேயே காலமானார். தந்தை மண்ணையும் தந்தை மொழியையும் அறியாத பிள்ளையாகவே ஆனந்தர் வளர்ந்தார். குளொஸ்டர்ஷயரிலுள்ள விக்கிளிவ் கல்லூரியிற் பயின்றபின், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலையும் தாவரவியலையும் கற்று 1900ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார்.

1902இல் அவர் எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்ற பெண்ணை மணந்தார். எதெல் டெவன் பகுதியின் பார்ன்ஸ்டப்பிள் நகரத்தவர். கணவரிலும் ஐந்து வயது மூத்தவர். அடுத்த சில ஆண்டுகளைத் தம்பதியர் இலங்கையிற் கழித்தனர். 1903 முதல் 1906 வரை ஆனந்தர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக இருந்தார். தோரியனைட் என்ற கனிமம் அவரது ஆய்வின் வழியாகவே உலகுக்குத் தெரியவந்தது. ஆனால் கல்லையும் மண்ணையும் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றவரின் கண்ணில் வேறொன்றும் பட்டது. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின் புரவலரை இழந்த சிற்பிகளும், தச்சரும், நெசவாளரும், பாய் பின்னுவோரும் தம் தொழிலை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்த காட்சியே அது. எதெலும் உடன் சென்றார். கணவர் குறிப்பெடுத்தார், மனைவி புகைப்படம் பிடித்தார், கிராமத்துப் பூத்தையல் வேலைப்பாடுகளைச் சேகரித்தார். பின்னர் வெளிவந்த நூலுக்கான படங்கள் பல அவர் எடுத்தவையே.

பழங்கட்டடங்கள் பற்றிய கவலை ஆனந்தருக்கு இக்காலத்திலேயே எழுந்தது. 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். விகாரைகளும் தேவாலயங்களும் பராமரிப்பின்றிச் சிதைவதையும், பழுதுபார்ப்பு என்ற பெயரில் அழகற்ற புதிய வேலைகள் அவற்றின்மீது ஏற்றப்படுவதையும் அதிற் சுட்டிக்காட்டி, அவற்றைக் காக்கும் பொறுப்பு பிரதானிகளுக்கே உரியது என்று வலியுறுத்தினார். ஊருக்கு உபதேசம் செய்வதோடு அவர் நின்றுவிடவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் தமக்கென ஓர் இல்லத்தை அமைக்க முற்பட்டபோது, தாம் சொன்னதையே தம் செலவிற் செய்துகாட்டினார்.

குளொஸ்டர்ஷயரின் கொட்ஸ்வோல்ட் குன்றுப்பகுதியில் சிப்பிங் கம்ப்டன் என்ற பழைய கம்பளி வணிக நகர் உண்டு. கட்டடக் கலைஞர் சார்ள்ஸ் ரொபர்ட் ஆஷ்பீ, தாம் 1888இல் கிழக்கு இலண்டனில் நிறுவிய கைவினைஞர் சங்கத்தைக் குடும்பங்களோடு 1902இல் அந்நகருக்குப் பெயர்த்துச் சென்றார். எதெலின் சகோதரர் அச்சங்கத்தில் நகை வேலை செய்தவர். அத்தொடர்பின் வழியே குமாரசுவாமி தம்பதியருக்கும் ஆஷ்பீக்கும் நெருக்கம் ஏற்பட்டது. நகருக்கு அருகே புரோட் கம்ப்டன் என்ற சிற்றூரில், நோர்மன் காலத்துச் சிறு தேவாலயமொன்று நெடுங்காலமாக வழிபாடின்றி, உருக்குலைந்து நின்றது. பின்வந்த நூற்றாண்டுகள் அதனோடு சில பகுதிகளைச் சேர்த்திருந்தன, அவையும் பாழடைந்திருந்தன. இதனைத்தான் தம் வீடாக்கும்படி தம்பதியர் ஆஷ்பீயிடம் ஒப்படைத்தனர். 1905க்கும் 1907க்கும் இடையில் வேலை நடந்தது. அக்காலத்தின் பெரும்பகுதியில் வீட்டுக்குரியவர்கள் இலங்கையில் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. தந்தை விட்டுச்சென்ற செல்வம் ஆனந்தரிடம் இருந்தது. புதிய மாளிகையொன்றைக் கட்டிக்கொள்ள வசதியிருந்தது. பின்னர் எதற்காக இடிந்த சுவர்களைத் தேடிச் சென்றனர்? விடையை அறிய 1877ஆம் ஆண்டுக்கே திரும்பவேண்டும். ஆனந்தர் பிறந்த அதே ஆண்டில், கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை இலண்டனில் நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேவாலயங்களைப் 'புனரமைக்கும்' வேகம் தலைதூக்கியிருந்தது. பிற்காலச் சேர்க்கைகளை அகற்றி, தேய்ந்த கல்லைச் சுரண்டிப் புதுக்கி, ஆதியில் இப்படித்தான் இருந்திருக்கும் என்ற ஊகத்தின்பேரிற் புதிய சிற்பங்களைச் செதுக்கி வைப்பதே அவ்வேலையாக இருந்தது. குளொஸ்டர்ஷயரின் டியூக்ஸ்பரி ஆலயமும் அந்நிலைக்கு உள்ளாகப்போவதை அறிந்து மொரிஸ் பத்திரிகையில் எழுதிய கண்டனமே சங்கம் தோன்றக் காரணமாயிற்று.

மொரிசின் வாதம் எளிமையானது. ஒரு பழங்கட்டடம் எந்த ஒரு காலத்துக்கும் மாத்திரம் உரியதன்று. அதைக் கட்டியவரும், மாற்றியவரும், அதில் வாழ்ந்தவரும் விட்டுச்சென்ற தடங்கள் எல்லாம் சேர்ந்ததே அதன் வரலாறு. ஆகவே, ஒழுக்கை அடையுங்கள், சரியும் சுவருக்கு முண்டுகொடுங்கள், அன்றாடம் பேணுங்கள். பழமையைப் பொய்யாகப் படைக்காதீர்கள் என்றார். புதிதாக எதையேனும் சேர்த்தாற்கூட அது புதியதென்று தெரியவேண்டும் என்பதே அப்பாசறையின் நிலைப்பாடு. ஆஷ்பீயும் அப்பாசறையைச் சேர்ந்தவரே. புரோட் கம்ப்டனில் நின்ற கற்சுவர்களும் நோர்மன் காலத்து வளைவுகளும் பேணப்பட்டன. வாழ்வதற்கான அறைகள் அப்பழைய கூட்டுக்குள்ளேயே அமைக்கப்பட்டன. தேவைக்கேற்பப் புதிய பகுதி பக்கத்திற் சேர்க்கப்பட்டது.

1907இல் தம்பதியர் அங்கு குடிபுகுந்தனர். அவ்வேளையில் ஆஷ்பீயின் கைவினைஞர் சங்கம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. 1908 அளவில் அது கலைக்கப்பட்டது. அதன் அச்சுப் பிரிவான எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தை ஆனந்தர் பொறுப்பேற்றுத் தம் இல்லத்துக்கே கொண்டுவந்தார். மொரிஸ் 1896இல் இறந்தபின் அவரது கெல்ம்ஸ்கொட் அச்சகத்தின் கைப்பொறிகளை ஆஷ்பீ வாங்கியிருந்தார். மொரிஸ் சோசரின் கவிதைகளை அச்சிட்ட அதே பொறியில், 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை ஏறத்தாழ 15 மாதங்கள், ஆனந்தரின் நேரடிக் கண்காணிப்பில், 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூல் தாள் தாளாக அச்சாயிற்று. மொத்தம் 425 பிரதிகள். யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரின் மகன், கண்டிச் சிங்களக் கைவினைஞரைப் பற்றி எழுதி, ஓர் ஆங்கிலச் சிற்றூரின் பழைய கிறிஸ்தவ ஆலயத்தில் அச்சிட்டார். கிழக்கும் மேற்கும் ஒன்றுக்கொன்று உதவக்கூடும் என்பதற்கு இதுவே ஓர் உதாரணம் என்று நூலின் முன்னுரையில் ஆனந்தரே உணர்ந்து குறிப்பிட்டுள்ளார்.

கூரை செப்பமாயிற்று, சுவர் நிமிர்ந்தது, ஆயினும் இல்லறம் நிலைக்கவில்லை. 1910ஐ அண்டிய ஆண்டுகளில் தம்பதியர் பிரிந்தனர். ஆனந்தர் பின்னர் அலிஸ் ரிச்சர்ட்சனை மணந்தார். இந்திய இசையைக் கற்று மேடைகளிற் பாடிய அப்பெண்மணி இரத்தின தேவி என்ற பெயரால் அறியப்பட்டார். 1917இல் அவர் பொஸ்டனுக்குப் போய், அமெரிக்க மண்ணிலேயே 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி மறைந்தார். புரோட் கம்ப்டன் வீட்டில், அவர் போனபின், அதைச் செப்பனிட்ட ஆஷ்பீயே குடும்பத்துடன் சில காலம் குடியிருந்தார். அதே ஆஷ்பீ, முதலாம் உலகப் போர் முடிந்த வேளையில் எருசலேமுக்குச் சென்று, அப்பழைய நகரைப் பேணும் பணியில் ஆலோசகராக அமர்ந்தார்.

எதெலை நம் வரலாற்று நூல்கள் இந்த இடத்தோடு மறந்துவிடுகின்றன. அது நியாயமன்று. 1913இல் அவர் பிலிப் மைரே என்பவரை மணந்தார். எதெல் மைரே என்ற பெயரில், சசெக்சின் டிச்லிங் கிராமத்தில் தறிகளை அமைத்து, இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கைத்தறி மறுமலர்ச்சிக்கு வழிகாட்டியாகத் திகழ்ந்தார். செடிகொடிகளிலிருந்து சாயம் எடுப்பது பற்றி 1916இல் நூலெழுதினார். கைத்தொழில் வடிவமைப்புக்கான உயரிய அரச கௌரவத்தைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1952இல் காலமானார். கண்டிக் கிராமங்களில் கையால் நெய்த துணிகளைத் தொட்டுப் பார்த்த அந்த ஆண்டுகளின் பயனை அவரது பிற்கால வாழ்விற் காணாமல் இருக்கமுடியாது. ஆகவே அந்த வீட்டை முறிந்த மணவாழ்வின் எச்சமாக மட்டும் கணிப்பது பொருந்தாது. இருவரும் தத்தம் வாழ்நாட் பணியை அடையாளங்கண்டுகொண்ட இடமாகவே அதனைக் கருதவேண்டும்.

இதே ஆண்டுகளில் கொழும்பில் நிகழ்ந்த ஒன்றையும் வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். ஆனந்தரின் மாமி மகனான சேர் பொன்னம்பலம் இராமநாதன், தம் தந்தையார் 1857இற் கொச்சிக்கடையில் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை 1907 முதல் 1912 வரை முழுவதும் கருங்கல்லாற் கட்டினார். பழைய ஆலயம் மறைந்து புதிய கற்றளி எழுந்தது. அது நம் இனத்தின் பெருமைகளுள் ஒன்று. ஒரே குடும்பத்தின் இரு பிள்ளைகள், ஒரே காலத்தில், இரு வேறு வழிகளிற் சென்றனர். வழிபாடு நிலைத்திருக்கும் ஆலயத்தைத் திருப்பணி செய்து புதுக்குவது நமது மரபு. அதற்கு ஆகமமும் உண்டு. ஆனால் திருப்பணிக்குரிய மனப்பான்மையைக் குடியிருக்கும் வீட்டுக்கும் நாம் அப்படியே கொண்டுசென்றுவிட்டோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. பழையதை அடியோடு பெயர்த்தாற்றான் புதுவாழ்வு என்று நம்பும் பழக்கம் நமக்கு எளிதில் வந்துவிடுகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீடுகளை ஆளின்றிக் கிடக்கச் செய்தன. 2009இல் போர் ஓய்ந்தபின் திரும்பிவந்தோர் பலரின் முன்னே நின்றவை, கூரை இழந்து, சுவரில் ஆலும் அரசும் வேரோடிய நாற்சார் வீடுகளே. குண்டு விழுந்து தரைமட்டமானவற்றைப் பற்றி இங்கு பேசவில்லை. சுவர் நின்ற வீடுகளும் இடிக்கப்பட்டன. நடுமுற்றம் போயிற்று, தலைவாசல் போயிற்று, அவ்விடத்திற் சீமெந்துத் தட்டுக்கூரை வந்தது. தேவை நெருக்கியபோது மக்கள் செய்ததைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் இயன்றவர்களும், வெளிநாட்டிலிருந்து பணத்தோடு வந்தவர்களுங்கூட, பழைய வீட்டைச் செப்பனிட முடியுமா என்று கேட்டுப் பார்க்காமலே இடித்தனர் என்பதே வருத்தத்துக்குரியது.

முடியும் என்பதற்குக் கட்டடப்பொருளே சான்று சொல்லும். கொட்ஸ்வோல்ட் குன்றுகளின் கல்லும் சுண்ணாம்புக்கல். குடாநாட்டின் கல்லும் சுண்ணாம்புக்கல். இரண்டிடத்திலும் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தால் அதைப் பிணைத்தனர். அச்சாந்து மென்மையானது, சுவருக்குள் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும், கட்டடம் சற்று அசைந்தாலும் தாங்கிக்கொள்ளும். அதன்மேற் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, கல்லே உதிரத் தொடங்கும். பழைய சுவர் பலமற்றது என்று பலர் முடிவுகட்டுவது பெரும்பாலும் இத்தகைய பிழையான பழுதுபார்ப்பைப் பார்த்தே. சுண்ணாம்பை நீற்றிப் பதமாக்கத் தெரிந்த மேசன்மாரும், பனந் தீராந்தியையும் சிலாகையையும் இனங்காணக்கூடிய தச்சரும் அருகிவருகின்றனர். ஒவ்வொரு பழைய வீடு இடிக்கப்படும்போதும் அவர்களுக்கு உரிய வேலையும் ஒன்று குறைகின்றது. புரவலர் இல்லாமற் கைவினை அழியும் என்று ஆனந்தர் கண்டியிற் கண்டது இதைத்தான்.

எல்லா வீட்டையும் காப்பாற்ற இயலாது. காணி பிள்ளைகளிடையே பிரிக்கப்படுகின்றது, செலவும் சிறிதன்று. ஆனால் இடிப்பதற்கு முன்னர், அந்தத் தம்பதியர் கண்டிக் கிராமங்களிற் செய்ததையாவது நாம் செய்யலாம். கணவனும் மனைவியுமாக ஒருநாள் அவ்வீட்டினுள் நின்று, ஒருவர் அளந்து எழுத, மற்றவர் படம் பிடித்துக்கொள்ளட்டும். தூண், கதவு நிலை, கூரைக் கட்டு, முற்றத்தின் நீளம் அகலம், கட்டியவர் பெயர், கட்டிய ஆண்டு ஆகியவற்றை மூத்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அவ்வாறு ஒருநாள் நின்று பார்த்தபின், இடிப்பதா திருத்துவதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.