மழைக்காலத்தில் நீங்களும் உங்கள் நாயும் நலமாக இருப்பது எப்படி?

சிங்கப்பூரில் பனி பெய்வதில்லை. நமக்குக் "குளிர்காலம்" என்றால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கொட்டும் வடகிழக்குப் பருவமழைதான். சில நாள்கள் மழை விடாமல் பெய்யும். வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ் அருகே இறங்கும்.

"மழை பெய்யுது, இன்னைக்கு வாக்கிங் வேணாம்" என்று நீங்கள் சொல்லலாம். வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் நாய் கேட்குமா? கேட்காது. அது உங்களுக்கு நல்லதுதான்!

நாய் எப்படி உங்களைக் கவனித்துக்கொள்கிறது?

இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் 3,000க்கும் அதிகமான நடுத்தர வயதினர், முதியோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் வெளியானது. நாயுடன் வழக்கமாக நடப்பவர்கள் குளிரும் மழையுமான மோசமான நாள்களில்கூட நன்றாக நடமாடினர். நல்ல வானிலையில் நாய் இல்லாதவர்கள் நடமாடியதைவிட அது அதிகம்.

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் நாயுடன் விறுவிறுவென்று நடந்தால் வாரத்துக்கு 210 நிமிடம் ஆகிவிடும்.

மழை நாளில் எங்கே நடப்பது?

புளோக்கின் கீழ்த்தளம், கூரையுள்ள நடைபாதை ஆகியவை கைகொடுக்கும். தூரம் குறைந்தாலும் பரவாயில்லை. நாய் நின்று நிதானமாக மோப்பம் பிடிக்க விடுங்கள். அதுவும் அதன் மூளைக்குப் பயிற்சிதான்.

ஆனால் இடி கேட்டால் திறந்தவெளிக்குப் போக வேண்டாம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160க்கும் அதிகமான நாள்களில் இடியுடன் மழை பெய்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துப் புறப்படுவது பாதுகாப்பு.

பல நாள் வீட்டிலேயே இருக்க நேர்ந்தால் நாயின் உணவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். "பாவம், வெளியே போகலையே" என்று பிஸ்கட்டை அள்ளிக் கொடுத்தால் எடைதான் கூடும். வயதான நாய்க்கு அது மூட்டுவலியையும் மோசமாக்கும்.

வீடு திரும்பியதும் என்ன செய்வது?

- பாதங்களைக் கழுவி, விரல் இடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரலாம்.
- தொங்கும் காதுள்ள நாய் என்றால் காதின் உட்புறத்தையும் பாருங்கள். துர்நாற்றம், சிவப்பு, ஓயாமல் சொறிதல் ஆகியவை தொற்றின் அறிகுறிகள்.
- தரை ஓடுகள் சில்லென்று இருக்கும். குட்டி நாய், வயதான நாய், முடி குறைவான நாய் ஆகியவற்றுக்குத் தரையில் படாத படுக்கை தேவை. மின்விசிறிக்கு நேர்கீழே போடாதீர்கள்.
- நாய் நொண்டினாலோ அதற்குக் காய்ச்சல் அடித்தாலோ உங்கள் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் நாய்க்கு நஞ்சாகலாம்.

இடிச்சத்தத்துக்குப் பயப்படுகிறதா?

அதட்ட வேண்டாம். திரைச்சீலையை மூடி, மெல்லிய ஒலியில் வானொலியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். மேசைக்கடியில் ஒளிந்தால் அங்கேயே இருக்கட்டும், வெளியே இழுக்காதீர்கள். தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமைதியாக ஆறுதல் சொல்லலாம்.

மிரண்டுபோன நாய் கதவைத் திறந்ததும் ஓடிவிடலாம். வாசற்கதவைத் திறக்குமுன் கயிற்றை மாட்டுங்கள். மைக்ரோசிப் பதிவில் உள்ள உங்கள் தொலைபேசி எண் இன்னும் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேங்கிய நீரில் இருவருக்கும் ஆபத்து

மழைக்காலத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான்.

முதலாவது, கொசு. ஏடிஸ் கொசு நமக்கு டெங்கியைப் பரப்புகிறது. கொசுக்கடி மூலம் நாய்க்கு இதயப்புழு வருகிறது. அது நாயின் இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாய்களிலும் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய புழு. கொசு கடித்துச் சுமார் 6 மாதத்தில் அது முழு வளர்ச்சி அடையும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். தடுப்பு மருந்து இருக்கிறது. ஆனால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும்படி தொடங்க வேண்டும். மாதம் ஒருமுறை தரும் மருந்தைத் தவறவிடக்கூடாது. நாம் பூசிக்கொள்ளும் கொசுவிரட்டியை நாய்க்குப் பூச வேண்டாம்.

இரண்டாவது, எலிக்காய்ச்சல். பாதிக்கப்பட்ட எலியின் சிறுநீரிலிருந்து கிருமி குட்டைகளுக்கும் ஈரமண்ணுக்கும் போகிறது. கீறல், கண், மூக்கு, வாய் வழியாக அது உடலுக்குள் நுழையும். நாய்க்குச் சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டுப்போகலாம். நாயின் சிறுநீரிலிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் அது தொற்றக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

- நாயின் தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.
- பூந்தொட்டித் தட்டு, வாளி ஆகியவற்றில் நீர் தேங்க விடாதீர்கள்.
- குட்டைநீரை நாய் நக்கவோ அதில் இறங்கவோ விடாதீர்கள்.
- எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள்.
- கையில் காயம் இருந்தால் கையுறை அணிந்து நாயைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், வாந்தி எடுத்தால், கண்ணோ ஈறோ மஞ்சளானால், வழக்கத்தைவிட அதிகமாகவோ குறைவாகவோ சிறுநீர் கழித்தால் காத்திருக்க வேண்டாம். இருமலும் சீக்கிரம் களைத்துப்போவதும் இதயப்புழுவின் அறிகுறிகளாக இருக்கலாம்.

உங்களுக்குக் காய்ச்சல், தலைவலி, கடுமையான தசைவலி, கண்சிவப்பு வந்தால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்: "வீட்டில் நாய் இருக்கு. அதுக்கும் உடம்பு சரியில்லை." நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க அது உதவும். எலிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு. தொடக்கத்திலேயே கொடுத்தால் நாய் பிழைக்கவும் நீங்கள் தேறவும் வாய்ப்பு அதிகம்.